கண்ணும் பிலிமும் ஒரே லென்ஸின் வழியே
சிறு சினிமாக் காமிராக்களில் பிரதிபலிப்பு நோக்கிகள்

நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் புழு, கூட்டுப்புழுப் பருவத்தைக் கடந்து அந்துப்பூச்சியாக வெளிவருவது சில நிமிஷங்களில் முடிந்துவிடும் நிகழ்ச்சியாகும். அதனைச் சினிமாப் படமாக எடுக்கக் காத்திருக்கும் ஊழியர் ஒருவர், காமிராவின் பக்கத்தில் அமைந்த சிறு கண்ணாடிச் சன்னலின் வழியே நோக்கி, தண்டின் நுனி நடுவில் இருக்குமாறு காமிராவை நிறுத்தி, விசையை அழுத்துகிறார் எனக் கொள்வோம். பிலிம் கழுவப்பட்டுத் திரும்பிய பின் திரையில் பார்த்தால், பூச்சியின் உடலில் பாதி படச்சட்டத்திற்கு வெளியே போயிருக்கும். எஞ்சிய பாதியும் மங்கலாயிருக்க, பின்னாலுள்ள இலை மட்டும் நரம்பு நரம்பாகத் தெளிந்து தோன்றும். காமிராவில் பழுது ஏதுமில்லை. ஊழியரிடத்துக் கவனக் குறைவும் இல்லை. சன்னல் கண்ட காட்சி வேறு, பிலிம் கண்ட காட்சி வேறு. இது தெரியவரும்போது பூச்சி பறந்து பல நாட்களாகியிருக்கும். அடுத்த பருவம் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

16 மி.மீ. பிலிம் 1923-ஆம் ஆண்டிலும், 8 மி.மீ. பிலிம் 1932-ஆம் ஆண்டிலும், சூப்பர் 8 பிலிம் 1965-ஆம் ஆண்டிலும் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டன. பாத்தே நிறுவனத்தாரின் 9.5 மி.மீ. பிலிம் 1922-ஆம் ஆண்டினது. ஆராய்ச்சிக் கூடம், பண்ணை, மருத்துவ மனை, பள்ளி ஆகியவற்றில் அரை நூற்றாண்டுக் காலம் புழங்கியவை பெரும்பாலும் இச்சிறு அளவுகளே. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, 2022-ஆம் ஆண்டில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் கிராமத்து மக்கள் கண்டது, வண்டியில் வந்திறங்கிய 16 மி.மீ. புரொஜெக்டரின் மூலமாகத்தான். புரொஜெக்டரைப் பற்றி அறிந்தோர் பலர். காமிராவின் உள்ளே கண்ணுக்கும் பிலிமுக்கும் ஒரே காட்சியைக் காட்டுவதற்கு எத்தனை வழிகள் முயலப்பட்டன, ஒவ்வொரு வழியும் என்ன விலை கேட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

முதலில் அந்தச் சன்னலைப் பார்ப்போம். பாடப் புத்தகங்களில் இடமாறு தோற்றப் பிழை எனக் கூறப்படுவதே அதன் குறை. கட்டை விரலை முகத்திற்கு நேரே நீட்டி ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறி மாறி மூடினால், விரல் சுவரின் மீது இடமும் வலமும் தாவுவதை எந்த மாணவனும் காண்பான். விரலைக் கண்ணருகே கொண்டுவரக் கொண்டுவரத் தாவலும் பெரிதாகும். லென்ஸ் ஒரு கண், சன்னல் மற்றொரு கண்.

கணக்கிட்டுப் பார்த்தால் பிழையின் அளவு வியப்பளிக்கும். 16 மி.மீ. காமிராவின் படச்சட்டம் 10.26 மி.மீ. அகலமும் 7.49 மி.மீ. உயரமும் உள்ளது. 25 மி.மீ. குவிய தூரமுள்ள சாதாரண லென்ஸ், 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 40 செ.மீ. அகலத்தையும் 29 செ.மீ. உயரத்தையும் தன்னுள் அடக்கும். சன்னல் லென்ஸிலிருந்து 5 செ.மீ. பக்கவாட்டில் தள்ளியிருந்தால், காட்சி அகலத்தில் எட்டில் ஒரு பங்கு இடம் பெயரும். இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். அதே லென்ஸை 30 செ.மீ. தொலைவிற்குக் கொண்டுசென்றால் அது காணும் அகலம் 11 செ.மீ. அளவே, இடப்பெயர்ச்சியோ அதே 5 செ.மீ. தூரத்தை அணுக்கிக் காட்டும் 75 மி.மீ. லென்ஸைப் பொருத்தினாலும், 1 மீட்டர் தொலைவிலேயே அகலம் 13 செ.மீ. அளவிற்குக் குறுகிவிடும். பூச்சியோ, பூவோ, நுண்கருவியின் முள்ளோ எதுவாயினும், விஞ்ஞானப் படங்களுக்கு வேண்டுவது பெரும்பாலும் அண்மைக் காட்சிகளே. பிழை மிகுதியாவதும் அங்கேதான்.

சன்னலைச் சற்றுச் சாய்த்து நடுப்புள்ளியைச் சரிசெய்யும் சக்கரங்களைச் சில காமிராக்களில் அமைத்தனர். அதனால் நடுப்புள்ளி பொருந்தும். முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றையொன்று மறைக்கும் விதம் பொருந்தாது. குவியம் சரியாக அமைந்துள்ளதா என்பதைச் சன்னல் ஒருபோதும் காட்டாது. நாடாவால் தூரத்தை அளந்து, லென்ஸின் வளையத்தில் அந்த எண்ணைத் திருப்பி வைத்து, நம்பிக்கையுடன் விசையை அழுத்த வேண்டியதுதான்.

ஆகவே லென்ஸின் வழியாகவே பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் சினிமாவின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. முற்காலத்து ஒளிப்பதிவாளர் பிலிமின் முதுகுப் புறத்திலிருந்து, பிலிமையே தேய்த்த கண்ணாடியாகக் கொண்டு, அதன் மேல் விழுந்த பிம்பத்தைப் பார்த்துக் குவியம் அமைத்தனர். பிலிமினுள் ஒளி சிதறிப் பரவுவதைத் தடுப்பதற்காகப் பின்னாளில் அதன் முதுகில் கரும்பூச்சு இடப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. ஹாலிவுட்டில் பெயர் பெற்ற மிட்செல் காமிராவில் காமிராவின் உடலையே பக்கவாட்டில் நகர்த்தி, பிலிம் இருந்த இடத்திற்குத் தேய்த்த கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தனர். 1933-ஆம் ஆண்டில் வந்த சினி-கோடாக் ஸ்பெஷல் என்னும் 16 மி.மீ. காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே ஓர் ஆடியை இறக்கிப் பார்த்துவிட்டு, படம் எடுக்கும் போது அதனை விலக்கினர். சுவிட்சர்லாந்தின் போலக்ஸ் எச்-16 காமிராவிலோ, லென்ஸ்கள் பொருந்திய சுழல் தட்டைத் திருப்பி, வேண்டிய லென்ஸை மேலேயுள்ள பட்டகத்தின் முன் நிறுத்திக் குவியம் பார்த்து, மீண்டும் கீழே கொண்டுவந்து படமெடுத்தனர். இவை அனைத்தும் கூரிய உபாயங்களே. ஆயினும் எல்லாவற்றிற்கும் ஒரே குறை: காமிரா ஓடாதபோது கண் திறந்திருக்கும்; ஓடத் தொடங்கியதும் குருடாகிவிடும். அசையாத பாறையைப் படமெடுக்க இது போதும். பூச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை.

காமிரா ஓடும்போதும் கண் காணவேண்டுமானால் ஒரே லென்ஸின் ஒளி கண்ணுக்கும் பிலிமுக்கும் பகிரப்பட வேண்டும். ஒரு வாய்க்காலின் நீரை இரு வயல்களுக்குப் பகிர்வதற்கு இரண்டு வழிகளே உண்டு என்பதைக் களப்பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. முறை வைத்து, முழு நீரையும் ஒரு வயலுக்கும் பிறகு மற்றதற்குமாகத் திருப்பலாம். அல்லது மடையைப் பிரித்து, இரண்டிற்கும் எப்போதும் ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கச் செய்யலாம். காமிராக்களை அமைத்தோரும் இவ்விரண்டு வழிகளையே கையாண்டனர்.

முறைவைக்கும் வழி, சினிமாக் காமிராவின் இயல்பிலேயே மறைந்திருந்தது. பிலிம் தொடர்ந்து ஓடுவதில்லை. விநாடிக்கு 24 முறை நின்று நின்று நகர்கிறது. நிற்கும்போது ஒளி அதன்மேல் விழும். நகரும்போது ஷட்டர் என்னும் சுழலும் தட்டு ஒளியை மறைக்கும். தட்டில் பாதி திறப்பாகவும் பாதி மறைப்பாகவும் இருந்தால், லென்ஸின் வழியே வரும் ஒளியில் சரிபாதி அந்த மறைப்பில் மோதி வீணாகிறது. அவ்வாறு வீணாகும் ஒளியைக் கண்ணுக்குத் தரலாமே என்று கருதி, ஷட்டரை 45 பாகை சாய்த்து வைத்து, அதன் முகத்தை ஆடியாக்கினர். திறப்பு வரும்போது ஒளி பிலிமுக்குச் செல்லும். மறைப்பு வரும்போது ஆடியில் பட்டுத் திரும்பித் தேய்த்த கண்ணாடியை அடையும். பிலிமுக்குச் செல்லும் ஒளியில் ஒரு துளியும் குறைவதில்லை.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆர்னால்ட்-ரிக்டர் நிறுவனத்தார் 1937-ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையில் காட்டிய 35 மி.மீ. ஆரிஃபிளெக்ஸ் காமிராவில் இத்தத்துவம் நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்த பொறியியலாளர் எரிக் கெஸ்ட்னர். குழந்தைகளுக்கான கதைகளால் பெயர் பெற்ற ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் வேறொருவர். பொறியியலாளருக்கும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஆகஸ்ட் ஆர்னால்டுக்கும் இந்த ஆக்கத்திற்காக 1982-ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க அகாடமியின் விஞ்ஞானப் பரிசு வழங்கப்பட்டது. கருவி பிறந்து 45 ஆண்டுகள் சென்ற பின்பு வந்த பாராட்டு அது! 16 மி.மீ. அளவில் அதே தத்துவத்தைக் கொண்ட ஆரிஃபிளெக்ஸ் 1952-ஆம் ஆண்டில் வந்தது.

ஒளியில் நட்டமில்லை என்றோம். நட்டம் வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது, நோக்கியில் காட்சி மினுக்கி மினுக்கித் தெரியும். பழகிய கண் இதனைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது சற்று ஆழமானது. பிலிம் பார்க்கும் கணங்களில் கண் பார்ப்பதில்லை. கண் பார்க்கும் கணங்களில் பிலிம் பார்ப்பதில்லை. நடக்கும் மனிதரையோ அசையும் கிளையையோ எடுக்கும்போது இதனால் தீங்கில்லை. 48-இல் ஒரு பங்கு விநாடியில் உலகம் பெரிதும் மாறிவிடுவதில்லை. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி மட்டுமே நீடிக்கும் மின்பொறி ஒன்றைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பொறி நோக்கியில் பளிச்செனத் தெரிந்ததாயின், பிலிமில் அது பதியவில்லை என்பதற்கு அதுவே சான்று! நோக்கியில் தெரியாமற்போனால், பதிந்திருக்கலாம் என்று நம்பிக்கை கொள்ளலாம். பௌதிக ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு புதிராகவே கேட்கலாம்.

மூன்றாவது நட்டம் இடத்தைப் பற்றியது. 45 பாகை சாய்ந்து சுழலும் தட்டுக்கு லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே தாராளமான வெளி வேண்டும். 16 மி.மீ. காமிராக்களில் பரவலாக வழங்கிய சி-மவுண்ட் என்னும் திருகு அமைப்பில், லென்ஸ் அமரும் முகத்திலிருந்து பிலிம் வரை 17.52 மி.மீ. தூரமே உண்டு. ஆரிஃபிளெக்ஸ் தனக்கென வகுத்துக்கொண்ட தூரம் 52 மி.மீ. ஆகும். பரந்த காட்சியைக் காட்டும் 10 மி.மீ. லென்ஸ், இயல்பாகத் தன் பின்புறம் சுமார் 10 மி.மீ. தூரத்தில் பிம்பத்தை அமைக்கும். சுழலும் ஆடியைத் தாண்டி அது எவ்வாறு எட்டும்? முன்னே குழிவில்லைத் தொகுதியையும் பின்னே குவிவில்லைத் தொகுதியையும் வைத்து, குவிய தூரத்தைவிடப் பிம்ப தூரம் மிகுதியாகும்படி லென்ஸைத் தலைகீழ்த் தொலைநோக்கி போல் அமைத்தால்தான் எட்டும். பிரான்ஸின் பியேர் ஆன்ஜெனியூ 1950-ஆம் ஆண்டில் ரெட்ரோஃபோகஸ் என்னும் பெயருடன் வெளியிட்ட லென்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய லென்ஸ் பெரியது, கனமானது, விலை மிக்கது. நோக்கியில் செய்த ஒரு மாற்றம் லென்ஸின் வடிவத்தையே மாற்றிவிட்டது.

சி-மவுண்டின் குறுகிய இடத்திற்குள்ளேயே ஆடியை அமைக்கவும் ஒரு வழி இருந்தது. பிரான்ஸின் போலியூ நிறுவனத்தார் 1960-களில் புகழ்பெற்ற தமது ஆர்-16 காமிராவில் ஆடியைச் சுழலவிடாமல், சாய்வாக மேலும் கீழுமாக ஏறி இறங்கச் செய்தனர். 16 மி.மீ. படச்சட்டம் விரல் நகத்தளவே. ஆதலால் அதனை மறைக்கும் ஆடியும் சிறியது, எடை குறைந்தது. விநாடிக்கு 24 முறை அதனை நிறுத்தித் திருப்புவது கடினமாயினும் இயலாததன்று. சுழலும் தட்டு ஒரே சீராக ஓடும். ஏறி இறங்கும் ஆடி ஒவ்வொரு முறையும் நின்று திரும்ப வேண்டும். அதிர்வும் ஓசையும் அதற்குரிய விலை. இந்நிறுவனத்தார் தமது 8 மி.மீ., சூப்பர் 8 காமிராக்களிலும் இவ்வழியையே பின்பற்றினர். சோவியத் யூனியனில் தயாரான கிராஸ்னகோர்ஸ்க்-3 என்னும் 16 மி.மீ. காமிராவோ சுழல் ஆடியையே கொண்டு, சாவி முடுக்கும் வில்லின் விசையில் இயங்கியது. சுழல் ஆடி செல்வர்க்கு மட்டுமே உரியதன்று என்பதை அது காட்டிற்று.

ஆடி ஷட்டர் உள்ள காமிராவை நிறுத்தும்போது ஆடி சரியான நிலையில் நிற்கவேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் நோக்கி இருண்டுவிடும். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்று பலரும் முதலில் தேடுவர். காமிராவின் பக்கத்திலுள்ள சிறு குமிழை விரலால் மெல்லத் திருப்பினால் காட்சி திரும்பி வரும்.

இனி, மடையைப் பிரிக்கும் வழி. சுவிட்சர்லாந்தின் செயின்ட்-குரோவாவில் கடிகாரங்களும் இசைப் பெட்டிகளும் செய்து வந்த பையார் நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டில் போலக்ஸ் எச்-16 ரிஃப்ளெக்ஸ் காமிராவை வெளியிட்டனர். இதில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் இடையே அசையாத கண்ணாடிப் பட்டகம் ஒன்று நிற்கிறது. அதனுள் சாய்வாக அமைந்த மெல்லிய பூச்சு, ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மேலே நோக்கிக்குத் திருப்பிவிட்டு, மீதியைப் பிலிமுக்கு அனுப்புகிறது. மினுக்கம் இல்லை, அதிர்வு இல்லை, ஆடி நின்ற நிலையைப் பற்றிய கவலையும் இல்லை. கண் இடைவிடாது காண்கிறது. பள்ளிகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் இக்காமிரா உகந்ததாய் அமைந்ததற்கு இவையே காரணங்கள்.

இதன் விலையை மூன்று இடங்களில் செலுத்த வேண்டும்; அவற்றுள் ஒன்று மிகவும் நுட்பமானது. எளியதை முதலில் கூறுவோம். பிலிமுக்குச் செல்லும் ஒளி குறைவதால் ஒளிமானியின் கணக்கை மாற்றவேண்டும். இக்காமிராவில் விநாடிக்கு 24 சட்ட வேகத்தில் ஷட்டர் திறந்திருக்கும் காலம் 1/65 விநாடியாயினும், ஒளிமானியில் 1/80 என்றே கொள்ளவேண்டும்.

இரண்டாவது, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் நோக்கியும் இருளும். எஃப்/2-இலிருந்து எஃப்/16-க்குச் சுருக்கும்போது ஒளி 64-இல் ஒரு பங்காகிறது. அதிலும் ஐந்தில் ஒரு பங்கே கண்ணுக்கு வருகிறது. ஆதலால் துவாரத்தை முழுதும் திறந்து குவியம் பார்த்துவிட்டு, பின்பு சுருக்கிப் படமெடுப்பது வழக்கம். நிகழ்ச்சி திடீரெனத் தொடங்கும் அவசரத்தில் சுருக்க மறந்தால், மிகையொளி பட்டு வெளிறிய பிலிமே மிஞ்சும். ஆடி ஷட்டர் காமிராக்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவதே நுட்பமானது. கிண்ணத்தில் நாணயத்தை இட்டு நீரை ஊற்றினால் நாணயம் மேலெழுந்தாற்போல் தோன்றும் சோதனையை ஆசிரியர்கள் செய்து காட்டியிருப்பர். தட்டையான ஊடகம் ஒன்று குறுக்கிட்டால் ஒளிக்கதிர்கள் குவியும் இடம் மாறுகிறது. போலக்ஸின் பட்டகம் 9.5 மி.மீ. கனமுள்ளது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.518 எனக் கொண்டால், குவியம் 3.24 மி.மீ. பின்னே தள்ளப்படும். சி-மவுண்டின் 17.52 மி.மீ. தூரத்துடன் இதனைக் கூட்டினால் 20.76 மி.மீ. வரும். ரிஃப்ளெக்ஸ் காமிராவில் பிலிம் இருக்கும் தூரமும் அதுவே. பையார் நிறுவனத்தார் பட்டகத்தை நுழைத்ததோடு நில்லாது பிலிமையும் பின்னே தள்ளி வைத்தனர்.

இத்துடன் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. 3.24 மி.மீ. என்பது லென்ஸின் நடுவழியே வரும் கதிர்களுக்கு மட்டுமே உரிய கணக்கு. அகன்ற துவாரத்தின் விளிம்பிலிருந்து சரிவாக வரும் கதிர்கள் மேலும் பின்னே தள்ளப்படுகின்றன. எஃப்/1.4 துவாரத்தில் விளிம்புக் கதிர் தள்ளப்படும் தூரம் ஏறத்தாழ 3.49 மி.மீ. ஆகும். நடுக்கதிருக்கும் விளிம்புக் கதிருக்கும் இடையே கால் மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடுகிறது. பிம்பத்தின் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு பனிமூட்டம் போல் அது தோன்றும். எஃப்/4-இல் அதே வேறுபாடு 0.03 மி.மீ.-க்கும் குறைவு, கண்ணுக்குப் புலனாகாது.

இக்காரணத்தால் கெர்ன் நிறுவனத்தார் இக்காமிராவிற்கென ஆர்எக்ஸ் என்னும் குறியுடன் தனி லென்ஸ்களைத் தயாரித்தனர். பட்டகமும் தன்னில் ஓர் உறுப்பே என்று கருதி, அதன் குற்றத்தை முன்கூட்டியே திருத்திக்கொண்ட லென்ஸ்கள் அவை. 50 மி.மீ.-க்குக் குறைந்த குவிய தூரமுள்ள லென்ஸ்களை அகன்ற துவாரத்தில் பயன்படுத்தும்போதே இவ்வேறுபாடு முக்கியமாகிறது. திருகின் அளவு ஒன்றே ஆதலால் சாதாரண லென்ஸ் இக்காமிராவிலும், ஆர்எக்ஸ் லென்ஸ் சாதாரணக் காமிராவிலும் தடையின்றிப் பொருந்தும். பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு. மங்கலான படத்திற்கு, எடுத்தவரின் கைநடுக்கமே காரணம் என்று பழி போடப்படுவதும் இவ்விடத்தில் உண்டு.

பட்டகத்திற்குப் பதில் மிக மெல்லிய சவ்வைக் குறுக்கே நிறுத்தினால் குவியம் இடம் பெயராது. 1965-ஆம் ஆண்டில் வந்த கேனன் பெலிக்ஸ் என்னும் நிழற்படக் காமிராவில் 0.02 மி.மீ. கனமுள்ள சவ்வு, ஒளியில் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தந்தது. ஆனால் தூசு படிந்தால் துடைக்க இயலாத மென்மை அதற்கு. களத்திற்குக் கொண்டுசெல்லும் கருவிக்கு அது தகாது என்பது வெளிப்படை.

போலக்ஸைத் தொல்லைப்படுத்திய இதே பௌதிக விதி, மறுபுறம் திருப்பிப் பார்த்தால் தீர்வையும் தருகிறது. குவிந்து செல்லும் கதிர்களின் குறுக்கே கண்ணாடி நின்றால்தான் குவியம் மாறும். கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லுமிடத்தில் கண்ணாடி எத்தனை கனமாயிருப்பினும் தீங்கில்லை. ஜூம் லென்ஸ் எனப்படும் மாறு குவிய லென்ஸில் அத்தகைய இடம் இயல்பாகவே அமைகிறது. முன் தொகுதி காட்சியின் அளவை மாற்றிக் கதிர்களை இணையாக்கி அனுப்ப, பின் தொகுதி அவற்றைப் பிலிமில் குவிக்கிறது. இரண்டிற்கும் நடுவே பட்டகத்தை நிறுத்தினால், நிறுத்தியதே தெரியாது. பிரான்ஸின் சோம் பெர்த்தியோ நிறுவனத்தாரின் பான்-சினார் ஜூம் லென்ஸ்களில் இவ்வகையாகப் பிரிந்த ஒளி, லென்ஸின் பக்கத்திலேயே நீண்ட ஒரு குழாயின் வழியாகக் கண்ணை அடைந்தது. நோக்கி காமிராவில் இல்லை, லென்ஸிலேயே இருந்தது. பழைய காமிராவும் புதிய லென்ஸ் ஒன்றால் ரிஃப்ளெக்ஸ் ஆகிவிட்டது!

1965-ஆம் ஆண்டிற்குப் பின் வந்த சூப்பர் 8 காமிராக்களில் மிகப் பல இவ்வழியைக் கையாண்டன. சுமார் 5.8 மி.மீ. அகலமும் 4 மி.மீ. உயரமுமே உள்ள படச்சட்டத்திற்குச் சிறு ஜூம் லென்ஸைக் குறைந்த செலவில் செய்ய முடிந்தது. பட்டகம் துவாரத்திற்கு முன்னேயே நிற்பதால், துவாரம் எவ்வளவு சுருங்கினும் நோக்கி ஒளியுடன் விளங்கும். பிரிந்த ஒளியின் ஒரு பகுதியை ஒளிமானிக்கும் கொடுத்து, துவாரம் தானே சுருங்கவும் விரியவும் செய்தனர். அமைப்பின் அழகை மறுக்க முடியாது. ஆயினும் அந்நோக்கி ஓர் உண்மையை மறைக்கிறது. துவாரத்திற்கு முன்பே பிரிந்த காட்சியானதால், எந்தத் தொலைவிலிருந்து எந்தத் தொலைவு வரை பிலிமில் தெளிவாயிருக்கும் என்பதை அது காட்டாது. துவாரம் பிழையாக அமைந்தாலும் நோக்கியில் தெரியாது. பெரும்பாலான இக்காமிராக்களில் லென்ஸைக் கழற்றவும் முடியாது.

அவற்றுள் பலவற்றில் தேய்த்த கண்ணாடியே கிடையாது. பிம்பம் வெற்று வெளியில் அமைய, கண் அதனை நேரே பார்க்கும். ஒளி குறையாமைக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் மனிதக் கண் தானாகக் குவியத்தை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையது. இளைஞரின் கண் மிகவும் உடையது. பிம்பம் சற்று முன்னோ பின்னோ அமைந்தாலும் கண் தன்னைத் திருத்திக்கொண்டு தெளிவாகவே காணும். பிலிமுக்கு அவ்வாற்றல் இல்லை. இதனைத் தடுக்கவே, பிம்பத்தை நடுவில் இரண்டாக வெட்டிக் காட்டும் ஆப்புப் பட்டகம் சில நோக்கிகளில் வைக்கப்பட்டது. வெட்டுண்ட கோடு ஒன்றுசேர்ந்தால் குவியம் சரி. இதில் கண் ஏமாற இடம் மிகக் குறைவு.

எவ்வகை நோக்கியாயினும், கண்ணருகேயுள்ள வில்லையை ஒவ்வொருவரும் தத்தம் பார்வைக்கேற்ப முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரே காமிரா பல கைகளுக்கு மாறும் அலுவலகங்களில் இது மறக்கப்படுவதே மிகுதி. லென்ஸின் குவியத்தை வேண்டுமென்றே கெடுத்து, வெண்ணிற வானத்தை நோக்கிக் காமிராவைத் திருப்பி, தேய்த்த கண்ணாடியின் பொடிமணிகளோ நடுக்கோடோ கூர்மையாகத் தெரியும்வரை கண்வில்லையைத் திருகுவதே முறை. காட்சியைத் தெளிவாக்கவேண்டிக் கண்வில்லையைத் திருகுவது, தராசின் முள்ளைக் கையால் நிமிர்த்துவது போலாகும்.

இவ்வகைகளுள் எது மேலானது என்னும் கேள்விக்கு வேலையைக் கேட்டுத்தான் விடை கூற வேண்டும். விலங்குகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து எடுப்பதற்கு, ஒளி குறையாத ஆடி ஷட்டரே சிறந்தது. காட்டின் நிழலில் ஐந்தில் ஒரு பங்கு ஒளியும் பெரிது. மேசையின் மேல் வைத்து எடுக்கும் அண்மைக் காட்சிக்கும் பாடப் படத்திற்கும் பட்டகக் காமிரா ஏற்றது. விதை முளைப்பதைச் சில நிமிஷங்களுக்கு ஒரு சட்டமாக இரவும் பகலும் எடுக்கும் வேலையில், பட்டகக் காமிராவிற்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். கண்ணை எடுத்துவிட்டால், கண்வில்லையின் வழியே அறையின் ஒளி பின்புறமாக நுழைந்து பிலிமை மூடுபனி போல் வெளுக்கச் செய்யும். போலக்ஸின் கண்வில்லையில் அதனை அடைக்க ஒரு மூடி இருக்கிறது. அது எதற்கு என்று தெரியாமலே பல ஆண்டுகள் காமிராவைக் கையாண்டோர் உண்டு. ஆடி ஷட்டர் காமிராக்களில் இவ்விடர் குறைவு. எனினும் கண்வில்லையை மூடி வைப்பதே நன்று.

மின்னணுக் காமிராக்கள் வந்த பின்பு ஒளியைப் பகிரவேண்டிய தேவையே மறைந்தது. ஒளியுணர் தகடு பதிவு செய்வதையே சிறு திரை காட்டுகிறது. வாய்க்காலின் நீர் முழுதும் ஒரே வயலுக்குப் பாய, மற்றவர் அந்த வயலையே பார்த்துக்கொள்கின்றனர். கோடாக்ரோம் பிலிமின் தயாரிப்பு 2009-ஆம் ஆண்டில் நின்றது. அதனைக் கழுவும் கடைசி நிலையமும் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணியை முடித்துக்கொண்டது. 16 மி.மீ., சூப்பர் 8 பிலிம்கள் வேறு வகைகளில் இன்றும் தயாராகின்றன. கல்லூரிகள், பண்ணைகள் முதலியவற்றின் அலமாரிகளில் இத்தகைய காமிராக்கள் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். கணக்கிலிருந்து நீக்குமுன் அவை எவ்வகையின என்று பார்த்துவிடுவது நன்று. லென்ஸைக் கழற்றி உள்ளே நோக்கிக்கொண்டு, பிலிம் இல்லாமல் காமிராவை மெல்ல ஓட்டினால் போதும். வந்து வந்து மறையும் ஆடி தென்பட்டால் அது முறைவைக்கும் வகை. அசையாத கண்ணாடிக் கட்டி நின்றால் பங்கிடும் வகை. ஆடியைத் துணியால் துடைக்கலாகாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருக்கும். இவ்வாடிகளில் அது முன்முகத்திலேயே இருப்பதால், ஒரு முறை துடைத்தாலும் கீறல் விழுந்துவிடும். ஊதுபந்தின் காற்றே போதுமானது.

அக்காமிராக்களின் லென்ஸ்களை மட்டும் எடுத்து மின்னணுக் காமிராக்களில் பொருத்தும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. அவ்வாறு எடுக்கும்போது வளையத்தில் ஆர்எக்ஸ் என்னும் குறி உள்ளதா என்று முதலில் பார்க்கவேண்டும். அக்குறியுள்ள லென்ஸ் தன் பின்னே 9.5 மி.மீ. கண்ணாடியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அக்கண்ணாடி இல்லாத இடத்தில் அது செய்துவைத்த திருத்தமே குற்றமாகிவிடும். எஃப்/4-க்கோ அதற்கும் கீழோ துவாரத்தைச் சுருக்கினால் படம் தெளியும். லென்ஸைப் பெட்டியில் வைப்பவர், அது எந்தக் காமிராவிலிருந்து கழற்றப்பட்டது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்துவிட்டால், பின்னால் எடுப்பவர் தேடி அலைய நேராது.